நல்ல பொடியன் என்று எல்லோரும் சொன்னார்கள்

திருகோணமலைக் கனகசிங்கம் ரொறன்ரோவுக்கு வந்தது கரைக்காற்று வாங்க அல்ல. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னார். வைத்தியர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், தண்ணீர்க் காற்று நெஞ்சுக்கு நல்லதாம், அதனால் ஏரிக்கரைப் பக்கமாக ஓர் அறை எடுத்து ஐந்து மாதம் இருந்துவிட்டுப் போகப்போகிறேன் என்றார். வாசலில் நின்றால் கடல் தெரியும் வீட்டை விட்டுவிட்டு ஒருவர் தண்ணீர்க் காற்றுக்காக அரை உலகம் தாண்டி வந்திருக்கிறார் என்பதை யாரும் நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவுமில்லை.

உண்மையான காரணம் மகள் சஜிதா. இருபத்தொன்பது வயது, ஊரில் வங்கியில் வேலை. தாய் இறந்து நான்கு வருடமாகிறது. ரொறன்ரோவிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை பெயர் லக்ஷன், முப்பத்துநான்கு வயது, மாநகரசபையில் வேலை, தாய் கோணேஸ்வரியோடு ஸ்காபரோவில் இருக்கிறான், பூர்வீகம் மட்டக்களப்பு. சாதகம் பொருந்திவிட்டது. படங்கள் கைமாறிவிட்டன. பெண்ணும் பிள்ளையும் இரண்டு தடவை தொலைபேசியில் பேசியும் ஆயிற்று. சஜிதாவுக்குப் பிடித்திருக்கிறது என்பது அவள் அதைப் பற்றிப் பேசாமல் இருந்ததிலேயே தெரிந்தது. மிச்சம் இருந்தது விசாரிப்பது மட்டும்.

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் அந்த நாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் சொல்லி விசாரிப்பிப்பார்கள். விசாரிப்பவர் காரணத்தைச் சொல்லக்கூடாது. பதில் சொல்பவர் காரணத்தை ஊகித்துவிடுவார், ஊகித்ததைக் காட்டிக்கொள்ளக்கூடாது. அதோடு, ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்துவை என்று பழமொழி வைத்திருக்கிற சனம். ஒரு சம்பந்தத்தைக் குழப்பிய பாவம் யாருக்கு வேண்டும்? ஆகையால் விசாரணை என்பது பெரும்பாலும் இரண்டு நல்லவர்கள் சேர்ந்து மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்லும் பொய்.

கனகசிங்கத்துக்கு இது நன்றாகத் தெரியும். முப்பத்தொரு வருடம் அவர் பார்த்தது கடைகளின் தராசையும் நிறைகல்லையும் சோதிக்கும் அரசாங்க உத்தியோகம். நிறைகல்லின் அடியில் துளைபோட்டு ஈயத்தை எடுத்துவிட்டு மெழுகு அடைத்து வைத்திருப்பவர்கள்தான் அவரை முதலில் கதிரையில் இருத்திச் சோடா உடைத்துக் கொடுப்பார்கள். அவர் குடித்ததில்லை. இந்த உத்தியோகம் அவருக்கு ஓய்வூதியத்தையும், யார் பேச்சையும் ஒரு தரம் புரட்டி அடிப்பக்கம் பார்க்கிற பழக்கத்தையும் கொடுத்தது. இரண்டாவது அவருடைய மனைவிக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்பது மகளுக்குத் தெரியும்.

அதனால்தான் விசாரணையை இன்னொருவரிடம் கொடுக்காமல் தானே வந்தார். விசாவுக்கு அழைப்புக் கடிதம் கொடுத்தது அஜக்ஸில் இருக்கும் மச்சான் முறையான ஸ்ரீஸ்கந்தராசா. அவருக்கும் காரணம் சொல்லப்படவில்லை. சொன்னால் அவர் மனைவிக்குச் சொல்வார்; மனைவிக்குத் தெரிந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கே தெரியும்.

அஜக்ஸில் ஒரு கிழமை இருந்தார். நல்ல வீடு, நல்ல சாப்பாடு, வெளியே போவதென்றால் யாராவது காரில் ஏற்றிப்போக வேண்டும். காரில் ஏற்றிப்போகிறவர் எங்கே என்று கேட்பார். கனகசிங்கம் தமிழ்ப் பலசரக்குக் கடையின் வாசல் பலகையில் ஒட்டியிருந்த துண்டொன்றைக் கிழித்துக்கொண்டு வந்து, ஏரிக்குக் கிட்டவாக ஒரு நிலவறையில் அறை இருக்கிறது, அங்கே போகிறேன் என்றார். ஸ்ரீஸ்கந்தராசாவின் முகம் அன்றைக்கே மாறிவிட்டது. அறையில் மெத்தை சரியில்லையா, சாப்பாடு சரியில்லையா என்று மூன்று நாள் கேட்டார். உண்மையில் ஏன் வந்தாய் என்ற கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டார்.

நிலவறையின் சொந்தக்காரி ஜெயமலர், முதியோர் இல்லத்தில் வேலைசெய்யும் யாழ்ப்பாணத்துப் பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர், தனியாக இருந்தார். பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஏழு படி இறக்கி அறையைக் காட்டினார். மீன் பொரிக்கக்கூடாது. உடுப்புத் தோய்ப்பது சனிக்கிழமை. குப்பைக்கு மூன்று வாளிகள், எது எதற்குள் என்பதை மாறிப் போட்டால் மாநகரசபை எடுக்காமல் விட்டுவிட்டுப் போய்விடும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி மேல்மாடியில் பூட்டியிருக்கிறது, குளிர்ந்தால் போர்த்திக்கொள்ள வேண்டும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு,

“எவ்வளவு காலம் இருப்பியள், அண்ணை?” என்று கேட்டார்.

“செப்ரெம்பர் கடைசி மட்டும். ரிக்கெற் இருக்கு.”

“எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை.”

அவர் முகத்தில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

முதல் சில நாட்கள் கனகசிங்கம் வீட்டையே சோதித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஜெயமலர் நடப்பதை வைத்து அவர் வேலைக்குப் போகும் நேரம், வரும் நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டார். குசினிக் கரண்டிகளை அவர் எண்ணி வைத்திருக்கிறார் என்று இவருக்குப் பட்டது. உண்மையில் எண்ணித்தான் வைத்திருந்தார். குப்பை வாளியைத் திறந்து பார்த்து, தேயிலைப் பை பச்சை வாளிக்குள் போகவேண்டும் என்று ஒரு துண்டெழுதி வைத்தார். இவர் அந்தத் துண்டைக் காகிதத்துக்குரிய நீல வாளிக்குள் போட்டார். அதற்குக் குறை கண்டுபிடிக்கப்படவில்லை.

காலையில் இறக்கமான தெருக்களில் நடந்து ஏரிக்கரைக்குப் போவார். மே மாதம், ஆனாலும் இரண்டு சேட்டும் அதற்கு மேல் ஸ்ரீஸ்கந்தராசாவின் பழைய குளிர்ச் சட்டையும் வேண்டியிருந்தது. கரையோரமாகப் பலகை அடித்த நீண்ட நடைபாதை. நாய் இல்லாதவர்கள் ஓடினார்கள். நாய் உள்ளவர்கள் நின்றுநின்று போனார்கள். எதிரே வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்துக் காலை வணக்கம் சொன்னார்கள். தெரியாத மனிதரைப் பார்த்துச் சிரிக்கும் சனத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று முதல் கிழமை முழுக்க யோசித்தார். பிறகு திரும்பச் சிரித்தார், எச்சரிக்கையோடு.

தண்ணீரையும் அவர் நம்பவில்லை. பார்வைக்குக் கடல். அக்கரை இல்லை, அலை இருக்கிறது, வெள்ளைப் பறவைகள் கத்துகின்றன. ஆனால் மணம் இல்லை. ஒரு நாள் யாரும் பார்க்காத நேரமாகக் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். கிணற்றுத் தண்ணீர். கடல் என்று காட்டிக்கொண்டு கிணறாக இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அடுத்த நாளும் போனார். மழை தூறிய நாட்களிலும் போனார்.

போனதற்கு வேறு காரணமும் இருந்தது. லக்ஷனுடைய மாநகரசபை வேலை இந்தக் கரையில்தான். சம்பந்தம் பேசியவர்கள் ‘சிற்றி வேலை’ என்று மட்டும் சொன்னார்கள். கனகசிங்கம் கண்டுபிடித்தது இது: விடியற்காலையில் ஓர் உழவு இயந்திரம் மணலை அரித்துக்கொண்டு கரை நெடுகப் போகும். போத்தல், சிகரெட் கட்டை, கண்ணாடித் துண்டு எல்லாவற்றையும் அது சலித்தெடுக்கும். அதை ஓட்டுபவன் லக்ஷன். படத்தில் இருந்ததைவிட மெலிவு. எட்டு மணிக்கு மேல் இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து வாளிகளை வெறுமையாக்குவான். கனகசிங்கம் ஒரு வாங்கில் உட்கார்ந்து, அவன் எத்தனை மணிக்கு வருகிறான், யாரோடு பேசுகிறான், எத்தனை தரம் தொலைபேசியைப் பார்க்கிறான் என்று சின்னக் கொப்பி ஒன்றில் எழுதினார். ஒரு மாதம் எழுதியும் கொப்பியில் குற்றம் ஒன்றும் சேரவில்லை. சிகரெட் இல்லை. நேரத்துக்கு வந்தான். ஒருநாள் மணலில் கிடந்த மோதிரம் ஒன்றை எடுத்து, உயிர்காப்பாளர் கூண்டில் கொடுத்துவிட்டுப் போனான். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தவன் நடப்பதுபோல நடக்கிறானே என்று கனகசிங்கத்துக்குத் தோன்றியது.

பகலில் பேருந்தெடுத்து ஸ்காபரோ பிளாசாக்களுக்குப் போவார். முடிவெட்டும் இடத்தில், பலசரக்குக் கடையில், கோயில் கந்தோரில் விசாரித்தார். நேரே பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகள் யாரும் சிற்றியில் வேலை செய்கிறார்களா என்று தொடங்குவார். பெயர் தானாக வந்து விழும்வரை காத்திருப்பார். மூன்று இடத்திலும் பதில் ஒன்று: நல்ல பொடியன், குடிவெறி இல்லை, தாயை நல்லாப் பாக்கிறான். மூன்று இடத்திலும் இதே வரிசை. கனகசிங்கம் இதைக் கொப்பியில் எழுதவில்லை. மூன்று கடையில் மூன்று நிறைகல்லும் ஒரே அளவில் பளபளத்தால் அவர் ஊரில் கடையைப் பூட்டிவிட்டுத்தான் சோதித்திருப்பார்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. புகழ்கிறவனிடம் போவதில் பயன் இல்லை. அவன் எவ்வளவு கூட்டுகிறான் என்று தெரியாது. பகைக்கிறவனிடம் போகவேண்டும். அவனும் பொய் சொல்வான், ஆனால் எந்தப் பக்கம் சொல்வான் என்பது முன்கூட்டியே தெரியும். பிழையாக நிறுக்கிற தராசு எப்போதும் ஒரே பக்கம் பிழைத்தால் அதை வைத்து வியாபாரம் செய்யலாம். ஆகவே லக்ஷனுடைய எதிரியைத் தேடத் தொடங்கினார்.

எதிரி கிடைப்பது இலேசாக இருக்கவில்லை. எதிரி இல்லாத மனிதனா என்று அவருடைய சந்தேகம் கூடிக்கொண்டு போனது. ஜூன் கடைசியில், பிளாசாவின் கோப்பிக் கடையில் தமிழ் ஆண்கள் கூடும் மேசையொன்றில், வழக்கம்போலச் சுற்றிவளைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் சிரித்துக்கொண்டு, லக்ஷனைப் பற்றி எட்வேட்டைக் கேட்டால் நல்ல பூசை கிடைக்கும் என்றார். மேசை சட்டென்று அமைதியாகியது. கனகசிங்கத்துக்கு அந்த அமைதி இனித்தது.

எட்வேட் மன்னார்க்காரன், நாற்பது வயது, வெதுப்பகம் ஒன்றில் வேலை. முன்பு லக்ஷன் வீட்டில் அவனோடு ஒரே அறையில் இருந்தவன். தன்னைத் தேடி ஒரு பெரியவர் வந்து, லக்ஷன் எப்படிப்பட்ட ஆள் என்று ஒளிமறைவில்லாமல் கேட்டது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் பேசினான். அவன் கதை சுருக்கமாக இதுதான்: அவனை ஸ்பொன்சர் செய்தது இங்கே குடியுரிமை உள்ள அவன் மனைவி. இடையில் இருவருக்கும் சண்டை வந்து, அவன் எட்டு மாதம் லக்ஷனோடு வந்து இருந்தான். பிறகு சமாதானமாகிவிட்டார்கள். ஆனால் குடிவரவுக்காரர் அந்த எட்டு மாதத்தைப் பிடித்துக்கொண்டு, கலியாணமே பொய் என்றார்கள். எட்வேட் தன்னோடு தங்கவில்லை, சில நாள் வந்துபோனான் என்று லக்ஷன் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. அவன் வைக்கவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இப்போது மேல்முறையீடு நடக்கிறது.

“காலைப் பிடிச்சுக் கேட்டனான், அங்கிள். ‘நீ எட்டு மாசம் இஞ்ச இருந்தாய்தானே’ எண்டான். அவ்வளவுதான். கோவிக்கக்கூட இல்லை. எனக்குச் சோறும் போட்டுத்தந்திட்டுத்தான் சொன்னவன்.”

கனகசிங்கம் இதையும் நம்பவில்லை. காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் லோயரிடம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை போகிறேன், வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றான் எட்வேட். செவ்வாய்க்கிழமை போய், நிராகரித்த கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். எட்டு மாதம் அதில் இருந்தது.

இங்கேதான் முப்பத்தொரு வருட அனுபவசாலி பிழைவிட்டார். ஸ்காபரோவில் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியின் மாடிப்படியில் ஏறி இறங்குவதை யாரும் காணாமல் செய்ய முடியாது. கீழே பலசரக்குக் கடை, பக்கத்தில் சாப்பாட்டுக் கடை. விசிற்றர் விசாவில் வந்த மனிதர். சொந்தக்காரர் வீட்டை விட்டுத் தனியறை எடுத்தவர். ஊர் ஊராகப் பேருந்தில் போய் யார் யாருக்கு எங்கே வேலை என்று கேட்டுத் திரிந்தவர். இப்போது கையில் கொப்பியோடு லோயரின் படியில் இறங்குகிறார். அவர் யாரை விசாரித்தாரோ அவர்கள் எல்லோரும் இரண்டு மாதமாக அவரை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு விடை கிடைத்தது.

அடுத்த நாள் பின்னேரம் ஸ்ரீஸ்கந்தராசா நிலவறைக்கு வந்தார். கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டு கொஞ்சநேரம் காலநிலையைப் பேசினார்.

“மச்சான், ஒளிக்காமச் சொல்லு. கேஸ் போடப்போறியோ?”

“என்ன கேஸ்?”

“லோயரிட்டப் போனனியாம். நீ அகதியா நிண்டாலும் இஞ்ச ஒருத்தரும் உன்னைப் பிழை சொல்லமாட்டினம். நானும் அப்பிடித்தான் இஞ்ச வந்தனான். ஆனால் கூப்பிட்டுக் கடிதம் தந்தது நான். நாளைக்கு என்ர மனிசியின்ர தம்பியைக் கூப்பிட இருக்கிறன். உன்னால அது நிண்டுபோகக் கூடாது.”

கனகசிங்கம் இல்லை என்றார். லோயரிடம் போனது வேறொருவருடைய அலுவல் என்றார். யாருடைய அலுவல் என்று கேட்டபோது சொல்ல முடியவில்லை. எட்வேட்டின் பெயரைச் சொன்னால் லக்ஷனின் பெயர் வரும். லக்ஷனின் பெயர் வந்தால் கலியாணப் பேச்சு வெளியே வரும். பேசாமல் இருந்தார். பேசாமல் இருக்கும் மனிதரை எப்படி வாசிப்பது என்று ஒரு காலத்தில் இளம் உத்தியோகத்தர்களுக்கு வகுப்பெடுத்தவர் அவர். ஸ்ரீஸ்கந்தராசா அந்த வகுப்புக்கு வராமலே சரியாக வாசித்தார். எழும்பிப் போகும்போது படியில் நின்று, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போ என்று சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சஜிதாவின் அழைப்பு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். பெண்ணின் தகப்பன் கனடாவில் வந்து நின்றுவிட்டாராம், அகதிக் கேஸ் போடுகிறாராம், கலியாணமும் அதற்காகத்தானாம். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு மருமகனைக் கொண்டு தன் அலுவலைப் பார்ப்பாராம். லக்ஷனின் தாய் கோணேஸ்வரிக்கு இது மூன்று இடத்திலிருந்து வந்ததாம், மூன்றும் ஒரே மாதிரியாம்.

“அப்பா, நீங்கள் அங்க என்ன செய்யிறியள்?” என்றாள் சஜிதா. அழுவதுபோல இல்லை. அழுது முடித்தவள்போல இருந்தது.

அவர் அப்போதுதான் அவளுக்கு உண்மையைச் சொன்னார். இதற்காகவா அப்பா போனீங்கள், நான் அந்த மனுசனிடம் நேரே கேட்டிருப்பனே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கனகசிங்கம் அன்றைக்கு வெளியே போகவில்லை. தன்னைப் பற்றி நாலு பேரிடம் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பார்த்தார். நல்ல மனுசன், சொல்லு மாறமாட்டார் என்று சொல்லியிருப்பார்கள். அதைக் கோணேஸ்வரி நம்ப வேண்டிய அவசியம் இல்லை. ரிக்கெற்றைக் காட்டலாம், ரிக்கெற் யாரும் எடுக்கலாம், எடுத்துவிட்டு ஏறாமல் விடலாம். விசாவின் திகதியைக் காட்டலாம். திகதி தாண்டி நின்றவர்களால் ஆனதுதான் ஸ்காபரோவின் பாதி. திரும்பிப் போவேன் என்பதற்குத் திரும்பிப் போவதைத் தவிர வேறு சாட்சி இல்லை. கேட்பவர் தானாக இருந்திருந்தாலும் வேறெதையும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். இது அவருக்குக் கோபத்தைத் தரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

திங்கட்கிழமை விடிய ஏரிக்கரைக்குப் போனார். வாங்கில் உட்காரவில்லை. மணலுக்குள் இறங்கி உழவு இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றார். லக்ஷன் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். இவர் பெயரைச் சொன்னார். அவன் முகத்தில் வந்த மாற்றத்தை அவரால் வாசிக்க முடியவில்லை.

“நீங்களோ?” என்றான். “ரெண்டு மாசமா உங்களைத் தெரியும், அங்கிள். கொப்பியோட இருப்பியள். எங்கட வேலைநேரத்தைப் பாக்கச் சிற்றி அனுப்பின ஆள் எண்டு நாங்கள் நினைச்சம். உங்களாலதான் எட்டரைக்குக் குடிக்கிற கோப்பியை விட்டனாங்கள்.”

அந்தக் கொப்பி முழுவதும் வீண் என்று கனகசிங்கத்துக்கு விளங்கியது. மோதிரம் உட்பட.

கரையில் பலகைப் பாதையின் விளிம்பில் இருவரும் உட்கார்ந்தார்கள். வந்த காரணத்தை மறைக்காமல் சொன்னார். லோயரிடம் ஏன் போனேன் என்பதையும், செப்ரெம்பர் கடைசியில் திரும்பிப் போக ரிக்கெற் இருக்கிறது என்பதையும் சொன்னார். எட்வேட்டின் பெயரைக் கேட்டதும் அவன் கையில் இருந்த கையுறையைக் கழற்றினான், மறுபடி போட்டான்.

“அவன் சொன்னது உண்மைதான். கையெழுத்து வைச்சிருக்கலாம் எண்டு சில நாள் நினைக்கிறன். அவன்ர மனிசி இப்ப என்னைக் கண்டால் ரோட்டு மாறிப் போறா. சில நாள், இல்லை, வைச்சிருக்க ஏலாது எண்டு நினைக்கிறன். எது சரியெண்டு எனக்கு இன்னும் தெரியாது.”

“இந்தக் கதையைச் சஜிதாவுக்குச் சொன்னீரோ?”

“ரெண்டு தரம்தானே கதைச்சது. கேட்டால் சொல்லுவன்.”

நாய் ஒன்று தண்ணீருக்குள் ஓடிப்போய், குளிர் பொறுக்காமல் திரும்பி ஓடிவந்தது.

“என்னைப் பற்றி அம்மாவுக்கு வந்த கதை, அதை நீர் நம்புறீரோ?” என்று கனகசிங்கம் கேட்டார். கேட்கும்போதே பதில் என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். சேச்சே அங்கிள், உங்களைப் போய் நம்பாமல் என்பான். அந்தப் பதிலை என்ன செய்வது என்றும் அவருக்குத் தெரியும்.

“எனக்குத் தெரியாது, அங்கிள்,” என்றான் லக்ஷன். “செப்ரெம்பரில தெரியும்.”

எழும்பி, மன்னிக்க வேண்டும், ஆட்கள் வரமுன் மணலை முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இயந்திரத்தில் ஏறினான். இரண்டு மாதத்தில் இந்த நகரத்தில் கனகசிங்கம் கேட்ட பதில்களில் அடிப்பக்கம் புரட்டிப் பார்க்கத் தேவையில்லாத பதில் இது ஒன்றுதான். அதற்காக அவர் மகிழ்ந்தார் என்று சொல்ல முடியாது. முகத்துக்கு நேரே ‘தெரியாது’ என்று சொல்லக்கூடிய ஒருவனோடு ஒரு பெண் நாற்பது வருடம் இருப்பது எப்படி என்பதை யோசித்துக்கொண்டே ஏற்றத்தில் நடந்தார்.

அன்றைக்கு மகளை அழைத்தார். எட்வேட்டின் கதையை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். பிறகு தன் கருத்தையும் சொன்னார்.

“நல்லவன் எண்டு நான் சொல்லமாட்டன், பிள்ளை. எனக்குத் தெரியாது. பொய் சொல்லமாட்டான், அது தெரியும். பொய் சொல்லாத ஆளோட இருக்கிறது லேசில்லை.”

“இருபத்தொன்பது வருசமா இருக்கிறன்தானே, அப்பா,” என்றாள் சஜிதா.

அவள் தானே லக்ஷனை அழைத்துப் பேசியதாகவும், எட்வேட்டைப் பற்றிக் கேட்டதாகவும், பேச்சு இரண்டு மணித்தியாலம் நீண்டதாகவும் அந்தக் கிழமைக் கடைசியில் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று அவள் சொல்லவில்லை. தனக்குச் சம்மதம் என்று மட்டும் சொன்னாள். அவனுக்கும் சம்மதம். கோணேஸ்வரிக்குத்தான் இல்லை. அந்த மனுசன் முதலில் போகட்டும், பிறகு பேசுவோம் என்று சொல்லிவிட்டாராம்.

கனகசிங்கம் ரிக்கெற்றை மாற்றினார். செப்ரெம்பர் கடைசி ஆகஸ்ட் பத்தானது. அது சின்ன விட்டுக்கொடுப்பு என்று அவர் எல்லோருக்கும் காட்டிக்கொண்டாலும், உண்மை அப்படியில்லை. ஜூலையில் அந்தக் கரை சூடேறி, அவர் இரண்டாவது சேட்டை விட்டு, பிறகு செருப்பையும் விட்டு, முழங்கால்வரை தண்ணீருக்குள் நிற்கப் பழகியிருந்தார். எதிரே வருபவர்களில் ஏழெட்டுப் பேரின் நாய்ப் பெயர் தெரிந்திருந்தது. போகப்போகிறேன் என்று சொன்னபோது ஜெயமலர் நம்பவில்லை. பெட்டி கட்டி முடித்த பிறகுதான், மேலே வந்து ஒருநாள் சாப்பிடுங்கோ அண்ணை என்றார். மீன் பொரித்திருந்தார்.

விமானநிலையத்துக்கு ஏற்றிவந்தது ஸ்ரீஸ்கந்தராசா. நெடுஞ்சாலை முழுக்கச் சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தார். இன்னும் இரண்டு மாதம் நின்றிருக்கலாமே என்று இரண்டு தரம் சொன்னார். உள்ளே போனால் லக்ஷனும் அவன் பக்கத்தில் சாம்பல் நிறச் சேலையும் சப்பாத்துமாக ஒரு பெண்மணியும் நின்றார்கள். கோணேஸ்வரி. கையில் ஒரு பை. பிள்ளைக்குக் கொஞ்சம் சொக்கிளேற்றும் ஒரு சேலையும் கொண்டுவந்தேன் என்றார். கனகசிங்கம் பையை வாங்கினார். விலாசம், ஊர், இறந்துபோன மனைவியின் ஊர், இருதயம் எப்படி என்று நாலு கேள்வி வந்தது. பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு,

“சீற் யன்னல் பக்கமோ, அண்ணை? ஒருக்காத் தாங்கோ பாப்பம்,” என்று கையை நீட்டினார்.

இவர் விமான அட்டையைக் கொடுத்தார். அவர் பெயரை வாசித்தார், திகதியை வாசித்தார், நேரத்தை வாசித்துத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யன்னல் பக்கமா என்பதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. லக்ஷன் வெட்கத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஸ்ரீஸ்கந்தராசா கார் நிறுத்திய நேரம் முடிகிறது என்று விடைபெற்றுப் போய்விட்டார். கனகசிங்கம் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றார். வரிசை நீளம். பாதித் தூரத்தில் திரும்பிப் பார்த்தார், கோணேஸ்வரி நின்றுகொண்டிருந்தார். லக்ஷன் ஏதோ சொல்ல, தலையை ஆட்டி மறுத்தார். சப்பாத்தைக் கழற்றும் இடத்துக்கு வந்து மறுபடி பார்த்தார். இப்போது கோணேஸ்வரி, இவர் நன்றாகத் தெரிவதற்காகத் தூண் ஒன்றின் பக்கமாகத் தள்ளி நின்றிருந்தார். கை காட்டவில்லை. கனகசிங்கமும் காட்டவில்லை. சோதனைக்காரன் அழைத்ததும் கதவுச் சட்டத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய், பெல்ற்றைப் போட்டுக்கொண்டே கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஆட்களுக்கு மேலாகச் சாம்பல் நிறச் சேலையின் ஒரு துண்டு இன்னும் தெரிந்தது.

விமானம் ஏறும் வாசலுக்குப் போய் உட்கார்ந்து, மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: “மாமி கடைசிமட்டும் நிண்டு பாத்தவ. ஐயரிட்டப் போய் நாள் கேள்.”